கேளாச் செவியின் இசை

நுழையும்முன்

கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’ என்னும் அதிகாரத்தை வைத்தார் வள்ளுவர். நூலைக் கற்க இயலாதவரும் செவிவழியே அறிவைப் பெறலாம் என்பது அவர் கருத்து. அச்செவி மெல்ல மெல்ல மூடிக்கொண்டால் மனிதர் என்ன செய்வார்? செவியையே தொழிற்கருவியாகக் கொண்ட ஓர் இசைக்கலைஞருக்கு அந்நிலை நேர்ந்தால் அவர் வாழ்வு என்னவாகும்? இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்தது பீத்தோவனின் வாழ்க்கை.

இளமையும் இசைக்கல்வியும்

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் அமைந்த நகரம் பான். 1770ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் அந்நகரத்தில் திருமுழுக்குப் பெற்ற குழந்தையே பின்னாளில் உலகப்புகழ் எய்திய லுட்விக் வான் பீத்தோவன். அவருடைய பாட்டனார் பான் அரசவையின் இசைக்குழுத் தலைவராக விளங்கியவர். தந்தை யோகான் அதே அரசவையில் பாடகர். இசையே அக்குடும்பத்தின் தொழிலாகவும் செல்வமாகவும் இருந்தது.

தம் மகனை இளம்மேதையாக உலகுக்குக் காட்டவேண்டும் என்னும் வேட்கை தந்தைக்கு மிகுதியாக இருந்தது. கடுமையான பயிற்சிக்குப்பின், 1778ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் கொலோன் நகரில் ஏழு வயதுச் சிறுவன் பீத்தோவன் மேடையேறினான். பின்னர் நீஃபே என்னும் நல்லாசிரியர் வாய்த்தார். முன்னோர் இயற்றிய இசைப்படைப்புகளை ஆழ்ந்து கற்கவும் இசைக்குறிப்புகளைப் பிழையின்றி எழுதவும் அவர் பயிற்றுவித்தார். ஏட்டில் எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்த அளவிலேயே அதன் ஓசையை மனத்துள் கேட்கும் ஆற்றல் அவ்வயதிலேயே உருவாயிற்று. பின்னாளில் அவரைக் காத்தது அவ்வாற்றலே.

1787ஆம் ஆண்டு தாய் மறைந்தார். தந்தை குடிப்பழக்கத்துக்கு அடிமையானார். தந்தையின் ஊதியத்தில் பாதியைத் தம்மிடம் வழங்குமாறு அரசவையில் விண்ணப்பித்து, தம்பியர் இருவரையும் காக்கும் பொறுப்பைப் பதின்பருவத்திலேயே ஏற்றார் பீத்தோவன். 1792ஆம் ஆண்டு, ஐரோப்பிய இசையின் தலைநகராகத் திகழ்ந்த வியன்னாவுக்குச் சென்றார். அங்கு ஹைடன் என்னும் மாபெரும் இசையமைப்பாளரிடம் பாடம் கேட்டார். சில ஆண்டுகளிலேயே பியானோ வாசிப்பில் தமக்கு நிகரில்லை என்னும் பெயரைப் பெற்றார். முன்னேற்பாடின்றி அப்போதைக்கப்போது கற்பனையாக வாசிப்பதில் அவர் காட்டிய திறம் வியன்னாவின் பெருமக்களைக் கவர்ந்தது.

மறைத்து வைத்த துயரம்

புகழ் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஏறத்தாழ 27 வயதளவில், பீத்தோவனின் செவிகளில் மாற்றம் தோன்றியது. இரவும் பகலும் காதுக்குள் இரைச்சல் ஒலித்தது. நாடக அரங்கில் நடிகர் பேசுவதை அறிய, இசைக்குழுவினருக்கு மிக அருகில் அமரவேண்டியதாயிற்று. தொலைவிலிருந்து வரும் இசைக்கருவிகளின் உச்ச ஒலிகள் அவரை எட்டவில்லை. மெல்லப் பேசுபவரின் குரல் ஒலியாகக் கேட்டதேயன்றிச் சொற்களாகக் கேட்கவில்லை. எவரேனும் உரக்கக் கத்தினாலோ அதனைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இவ்வறிகுறிகள் ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றலாம். செவியின் அமைப்பை அறிந்தோர்க்கு இவற்றில் முரணில்லை. வெளியிலிருந்து வரும் ஒலியலைகள் செவிப்பறையை அதிரச்செய்கின்றன. அவ்வதிர்வு மூன்று சிற்றெலும்புகள் வழியே நத்தை வடிவிலான உட்செவியை அடைகிறது. அங்குள்ள நுண்ணிய மயிரணுக்கள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி, நரம்பு வழியே மூளைக்கு அனுப்புகின்றன. இம்மயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. உச்ச ஒலிகளை உணரும் அணுக்களே பெரும்பாலும் முதலில் பாதிப்படைகின்றன.

பேச்சில் உயிரொலிகள் வலிமையானவை. க, ச, ப போன்ற மெய்யொலிகளோ மெலிந்தவை. அவற்றை வேறுபடுத்திக்காட்டும் கூறுகள் பெரிதும் உச்ச ஒலிகளிலேயே உள்ளன. ஆகவே, செவித்திறன் குறைந்தவருக்குப் பேச்சு கேட்கும். ஆனால் பேசியது கட்டமா, சட்டமா, பட்டமா என்பது விளங்காது. மேலும், உட்செவி பழுதுற்றவருக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்கமுடியாத அளவுக்கும் இடையிலான தொலைவு சுருங்கிவிடுகிறது. அதனால்தான் மெல்லிய பேச்சு கேளாத பீத்தோவனுக்குக் கத்தும் பேச்சு வேதனை தந்தது. செவித்திறன் குறைந்த முதியோரிடம் உரக்கக் கத்துவதைவிட, எதிரே நின்று தெளிவாகவும் நிதானமாகவும் பேசுவதே பயன்தரும் என்பதை இதனால் அறியலாம்.

நோயைவிடக் கொடிது அதனை மறைக்க நேர்ந்த நிலை. இசைக்கலைஞருக்குக் காது கேளாது என்னும் செய்தி பரவினால் தம் தொழிலும் பெயரும் என்னவாகும் என்று பீத்தோவன் அஞ்சினார். பிறரிடம் உரக்கப் பேசுமாறு கேட்க அவருடைய தன்மானம் இடந்தரவில்லை. ஆகவே, விருந்துகளையும் நண்பர் கூட்டங்களையும் தவிர்த்தார். உரையாடலில் விடை கூறாது வாளா இருந்தபோது, அவர் ஏதோ சிந்தனையில் ஆழ்ந்திருப்பதாகப் பிறர் எண்ணிக்கொண்டனர். சிலர் அவரைச் செருக்குடையவர் என்றும் மனிதரை வெறுப்பவர் என்றும் கருதினர். மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1801ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பான் நகரில் வாழ்ந்த மருத்துவ நண்பர் வெகெலருக்குத் தம் நிலையை முதன்முதலாக விரித்து எழுதினார். அடுத்த சில நாளில் அமெண்டா என்னும் மற்றொரு நண்பருக்கும் எழுதினார். இருவரிடமும் இதனை வெளியிடவேண்டா என்று வேண்டிக்கொண்டார்.

பயன்தராத மருந்துகள்

பீத்தோவன் மருத்துவத்தைப் புறக்கணித்தவர் அல்லர். ஒருவர் மாற்றி ஒருவராகப் பல மருத்துவரை நாடினார். ஒருவர் காதில் வாதுமை எண்ணெய் விடச் சொன்னார். ஒருவர் குளிர்நீரில் குளிக்கச் சொன்னார். பிறிதொருவர் டான்யூப் ஆற்று நீரை வெதுவெதுப்பாக்கிக் குளிக்குமாறு கூறினார். ஒருவகை மரப்பட்டையைக் கைகளில் கட்டிக் கொப்புளம் எழச்செய்யும் மருத்துவமும் நடந்தது. கொப்புளத்தின் வழியே நோய்நீர் வெளியேறும் என்பது அக்கால நம்பிக்கை. கைகள் புண்பட்டுப் பியானோ வாசிக்க இயலாமற்போனதே மிச்சம். மின்சாரம் செலுத்திக் குணப்படுத்தும் முறை பற்றியும் அவர் நண்பரிடம் ஆர்வத்தோடு வினவினார்.

இவற்றுள் எதுவும் பயன்தரவில்லை. செவியின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை உயிருள்ள மனிதரிடம் ஆராயும் கருவி அக்காலத்தில் இல்லை. எந்த ஒலி எந்த அளவில் கேட்கிறது என்று அளந்தறியும் முறையும் இல்லை. நோயின் இடமறியாது அளிக்கப்பட்ட மருந்துகள் இருட்டில் எறிந்த கற்களாயின.

ஹைலிகன்ஷ்டாட் மடல்

1802ஆம் ஆண்டு மருத்துவர் ஷ்மிட் ஒரு வழி கூறினார். நகரத்தின் ஆரவாரத்திலிருந்து விலகிச் சிற்றூரில் தங்கினால் செவிகள் ஓய்வுபெறும் என்றார். வியன்னாவுக்கு அருகில் இருந்த ஹைலிகன்ஷ்டாட் என்னும் ஊரில் பீத்தோவன் ஏறத்தாழ ஆறு திங்கள் தங்கினார். திராட்சைத் தோட்டங்களும் வயல்வெளிகளும் சூழ்ந்த அவ்வூரில் நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்தார்.

ஒருநாள் அவருடைய மாணவர் ரீஸ் உடன் சென்றார். தொலைவில் ஆயன் ஒருவன் குழல் ஊதுவதைக் கேட்டு மகிழ்ந்த ரீஸ், அதனை ஆசிரியருக்குச் சுட்டிக்காட்டினார். பீத்தோவன் செவிசாய்த்து நின்றார். நெடுநேரம் நின்றும் ஒன்றும் கேட்கவில்லை. ஆசிரியரின் முகவாட்டத்தைக் கண்ட மாணவர், தமக்கும் இப்போது கேட்கவில்லை என்று கூறி ஆற்றமுயன்றார். பீத்தோவனோ அமைதியில் ஆழ்ந்தார். இயற்கையின் நடுவே எழும் எளிய குழலோசையை அருகில் நின்றவர் கேட்க, இசைமேதை கேட்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் திங்களில், தம்பியர் இருவருக்கும் நீண்டதொரு மடல் எழுதினார் பீத்தோவன். தாம் மனிதரை வெறுப்பவர் அல்லர் என்பதையும், ஒதுங்கி வாழ்வதற்கு உண்மைக் காரணம் எது என்பதையும் அதில் விளக்கினார். குழலோசை கேளாத அவமானத்தையும் பதிவுசெய்தார். நம்பிக்கையிழந்து உயிர்விடும் எல்லைவரை சென்றதையும், தம்முள் இருக்கும் இசை முழுவதையும் வெளிக்கொணராமல் இவ்வுலகைவிட்டு நீங்கலாகாது என்னும் எண்ணமே தடுத்ததையும் எழுதினார். தாம் இறந்தபின் மருத்துவர் ஷ்மிட் உயிருடன் இருப்பாராயின், தம் நோயின் இயல்பை உலகுக்கு எழுதி விளக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அறியாமையால் தம்மைத் தவறாக எண்ணியவர்கள் அப்போதாவது தெளிவடைவர் என்பது அவர் எதிர்பார்ப்பு.

அம்மடல் அனுப்பப்படவில்லை. மடித்து வைக்கப்பட்ட அத்தாள்கள் 25 ஆண்டுகள் கழித்து, அவர் மறைவுக்குப் பின்னரே பிறர் கண்ணில் பட்டன. எனினும், எழுதி முடித்தவர் பழைய பீத்தோவனாகத் திரும்பவில்லை. வியன்னா மீண்ட அவர், அடுத்த இரண்டாண்டுக்குள் மூன்றாம் சிம்பொனியை இயற்றினார். அதன் நீளமும் வேகமும் அதுவரை சிம்பொனி என்னும் இசைவடிவம் அறியாதவை. 1806ஆம் ஆண்டு, ஓர் இசைக்குறிப்புத் தாளின் ஓரத்தில், தம் செவிக்குறையை இனி மறைக்கவேண்டா எனத் தமக்குத்தாமே எழுதிக்கொண்டார். மருந்துகள் தராத விடுதலையின் தொடக்கம் அவ்வரியில் இருந்தது.

கருவியும் ஏடும்

1808ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நடந்த நெடிய இசைநிகழ்ச்சியில் ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள் முதன்முறையாக அரங்கேறின. அன்று இசைக்குழுவுடன் சேர்ந்து பியானோவும் வாசித்தார் பீத்தோவன். அடுத்த பியானோ இசைப்பாவை இயற்றியபோது, அதனை மேடையில் வாசிக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட்டார். 1809ஆம் ஆண்டு நெப்போலியனின் படை வியன்னாவைப் பீரங்கியால் தாக்கியபோது, தம்பியின் வீட்டு நிலவறையில் தலையணைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டு இருந்தார். எஞ்சிய செவித்திறனைக் காக்க அவருக்குத் தெரிந்த வழி அதுவே.

மெல்செல் என்னும் கருவிவல்லுநர் 1812ஆம் ஆண்டுக்குப்பின் அவருக்குக் காதூதுகுழல்கள் சிலவற்றைச் செய்தளித்தார். வாய் அகன்று நுனி குறுகிய அவ்வுலோகக் குழல்கள், சுற்றிலும் பரவும் ஒலியைத் திரட்டிச் செவிக்குள் செலுத்துபவை. பான் நகரில் பீத்தோவன் பிறந்த இல்லத்து அருங்காட்சியகத்தில் அவற்றை இன்றும் காணலாம். ஒலி சற்றே கூடியதன்றி, தெளிவு கூடவில்லை.

1818ஆம் ஆண்டளவில் பேச்சைக் கேட்டறிவது அரிதாகிவிட்டது. அப்போது எளிய தீர்வொன்று பிறந்தது. தம்மிடம் சிறு ஏடொன்றை எப்போதும் வைத்துக்கொண்டார். வந்தவர்கள் தாம் சொல்ல விரும்புவதை அதில் எழுதினர். அவர் வாயால் விடை கூறினார். உரையாடல் ஏடுகள் எனப்படும் அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. புதிய இசைநிகழ்ச்சி பற்றிய ஆலோசனை, அரசியல் செய்தி, வீட்டுக்கு வாங்கவேண்டிய பொருள்கள் என அனைத்தும் அவற்றில் உள்ளன. பிறர் கேட்ட வினாக்களே பக்கந்தோறும் நிறைந்திருக்க, பீத்தோவனின் விடைகளில் பெரும்பாலானவை காற்றோடு கலந்துவிட்டன.

இவ்வாழ்க்கை துன்பமற்றதாக இருந்தது என்று கூற இயலாது. பிறர் தம்மைப்பற்றிப் பேசுகின்றனரோ என்னும் ஐயம் அவரை வாட்டியது. நண்பருடனும் பணியாளருடனும் பூசல்கள் விளைந்தன. இறந்த தம்பியின் மகனைத் தம் பொறுப்பில் வளர்க்கவேண்டி நடத்திய வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. ஆனால், செவிக்குறையை மறைக்கும் முயற்சியை அவர் முற்றிலும் கைவிட்டிருந்தார். 1823ஆம் ஆண்டு, செவித்திறன் குறைந்துவந்த அயலார் ஒருவர் அவரிடம் ஆலோசனை கேட்டார். ஒரு காலத்தில் நெருங்கிய நண்பரிடமும் சொல்லக் கூசியவர், அவருக்குத் தம் பட்டறிவைத் தயக்கமின்றி எடுத்துரைத்தார். கருவிகளை மிக விரைவில் பயன்படுத்தவேண்டா என்றும், அவ்வாறு தவிர்த்ததாலேயே தம் இடச்செவியில் ஓரளவு திறன் எஞ்சியிருக்கிறது என்றும் கூறினார். அந்த அறிவுரை இன்றைய மருத்துவத்துக்குப் பொருந்தாது. ஒரு துயரர் மற்றொரு துயரருக்கு நீட்டிய கை என்ற அளவில் அது போற்றத்தக்கது.

ஒன்பதாம் சிம்பொனி

செவி கேளாதவர் எவ்வாறு இசை இயற்றினார் என்னும் வினா எழுவது இயல்பு. செய்யுளொன்றை வாய்திறவாது படிக்கும்போதும் அதன் ஓசை மனத்துள் ஒலிப்பதை அனைவரும் உணர்ந்திருப்பர். இளமையிலிருந்தே ஆயிரக்கணக்கான ஒலிச்சேர்க்கைகளைக் கேட்டும் எழுதியும் பழகிய பீத்தோவனுக்கு, ஓர் இசைக்குழுவின் முழு ஒலியும் அவ்வாறே மனத்துள் ஒலித்தது. செவி கேட்ட காலத்திலும் அவர் குறிப்பேடும் கையுமாக நடந்தே இசையைச் செதுக்கியவர். அப்பழக்கம் மாறவேண்டியிருக்கவில்லை.

1824ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வியன்னாவின் அரங்கொன்றில் ஒன்பதாம் சிம்பொனி முதன்முறையாக ஒலித்தது. கருவியிசைக்கே உரிய சிம்பொனியில் மனிதக்குரல்களையும் சேர்த்து, மாந்தர் அனைவரும் உடன்பிறந்தோர் என்னும் கருத்தைப் பாடச்செய்திருந்தார் பீத்தோவன். மேடையில் அவரும் நின்று தாளவேகத்தைக் காட்டினார். இசைக்கலைஞர்களோ உம்லாஃப் என்னும் நடத்துநரின் கையசைவையே பின்பற்றுமாறு முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தனர். அரங்கம் ஆரவாரித்தது. அவையோருக்கு முதுகு காட்டி நின்ற பீத்தோவனுக்கு அது கேட்கவில்லை. கரோலின் உங்கர் என்னும் இளம்பாடகி அவரை மெல்லத் திருப்பினார். கைகளும் கைக்குட்டைகளும் தொப்பிகளும் காற்றில் அசைவதைக் கண்ட பின்னரே அவர் தலைவணங்கினார். கேட்க இயலாத பாராட்டை மக்கள் அவர் காணுமாறு வழங்கினர்.

அதன்பின்னும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. நால்வர் இசைக்கும் நரம்பிசைப் படைப்புகள் ஐந்தை இறுதி ஆண்டுகளில் நிறைவுசெய்தார். 1827ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், தம் 56ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார். இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர்.

நிறைவேறாத வேண்டுகோள்

தம் நோயை உலகுக்கு விளக்கவேண்டும் என்று பீத்தோவன் வேண்டிய மருத்துவர் ஷ்மிட், அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். எனினும், அவ்வேண்டுகோளை மருத்துவ உலகம் மறக்கவில்லை. இறந்த மறுநாள் உடலை ஆராய்ந்த மருத்துவர், செவி நரம்புகள் சுருங்கியிருந்ததைக் குறித்துவைத்தார். 2023ஆம் ஆண்டு, பாதுகாக்கப்பட்ட அவருடைய தலைமுடியிலிருந்து மரபணுத் தொகுதியை அறிஞர்கள் பகுத்தாராய்ந்தனர். கல்லீரல் நோய்க்கான சான்றுகள் கிடைத்தன. செவிக்குறைக்கான காரணம் அதிலும் வெளிப்படவில்லை.

பீத்தோவனுக்குக் கிட்டாதவை பல இன்று கிடைக்கின்றன. ஒவ்வொரு காதிலும் எந்தச் சுருதி எந்த அளவில் கேட்கிறது என்பதைச் செவித்திறன் சோதனை சில நிமிடங்களில் வரைபடமாகத் தருகிறது. பிறந்த குழந்தைக்கும் செவித்திறனைச் சோதிக்க இயலும். குறைந்த சுருதிகளை மட்டும் தேர்ந்து பெருக்கும் மின்னணுச் செவிக்கருவிகள் உள்ளன. அவையும் பயன்தராத நிலையில், உட்செவியில் பொருத்தப்படும் காக்ளியர் கருவி நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. சைகைமொழி முழுமையான மொழியாக ஏற்கப்பட்டுள்ளது. உரையாடல் ஏட்டின் பணியைக் கைப்பேசியின் திரை செய்கிறது. காதில் எண்ணெய் விடுவது மட்டும் சில இல்லங்களில் இன்னும் தொடர்கிறது. அது கைவிடவேண்டிய பழக்கம். திடீரெனக் காது கேளாமற்போனால் ஒருநாளும் காலந்தாழ்த்தாது மருத்துவரை அணுகவேண்டும். குறையைத் தொடக்கத்திலேயே அறிந்து கருவி பொருத்திக்கொள்வோருக்கே பேச்சை விளங்கிக்கொள்ளும் திறன் நன்கு நிலைக்கிறது.

இத்தனை இருந்தும், மாறாதது ஒன்று உண்டு. வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசிரியர் சொல்வது விளங்காமல் தலையசைக்கும் மாணவரும், வீட்டில் பலர் சிரிக்கும்போது தாமும் சேர்ந்து சிரித்துவைக்கும் பாட்டியும் பீத்தோவன் மறைத்த துயரையே மறைக்கின்றனர். பார்வை குறைந்தால் மூக்குக்கண்ணாடி அணிவதற்கு எவரும் நாணுவதில்லை. செவிக்கருவி அணிவதற்கும் அவ்வாறே நாணவேண்டியதில்லை என்னும் நிலை உருவாகவேண்டும். அந்நிலையை உருவாக்குவது மருத்துவர் பணி மட்டும் அன்று. அருகில் அமர்ந்திருப்போர் பணியும் ஆகும். மீண்டும் ஒருமுறை சொல்லுமாறு ஒருவர் கேட்கும்போது, முகம் சுளிக்காமல் அவரை நோக்கித் திரும்பி நின்று சொல்வதில் அது தொடங்குகிறது.